தளிரில் கண்ட சிற்பம்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் 1865ஆம் ஆண்டு பிறந்த கார்ல் புளோஸ்ஃபெல்ட், இளமையில் இரும்பு வார்ப்பாலையொன்றில் சிற்பத்தொழில் பயின்றவர். பின்னர்ப் பெர்லின் கலைத்தொழிற்பள்ளியில், தாவரங்களைப் பார்த்து உருவமைக்கும் பாடத்தை ஏறத்தாழ 30 ஆண்டுகள் கற்பித்தார். பறித்த தளிர் விரைவில் வாடிவிடும். மொட்டின் நுண்மடிப்போ வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே, மாணவர்களுக்கு அவற்றை ஒளிப்படங்களாக்கிக் காட்டினார்.

எளிய மரக்கேமரா, கண்ணாடித் தகடு, இயற்கை வெளிச்சம், பின்னே வெற்று அட்டை. அவருக்கு இவையே போதுமானவையாயின. வழியோரக் களைகளையும் அவர் விடவில்லை. வடிவை மறைக்கும் இலையைக் கத்தரித்து நீக்கவும் தயங்கவில்லை. தாவரவியலார் அதனை ஒப்பார். ஆயினும், அவர் தேடியது இனத்தை அன்று, அமைப்பையே. சில உறுப்புகள் 30 மடங்கு வரை பெருகித் தோன்றின. பெரணியின் இளஞ்சுருள் செதுக்கிய கைக்கோலாயிற்று. பூசணியின் பற்றுக்கம்பி, கொல்லன் வளைத்த இரும்பை ஒத்திருந்தது. இரும்பின் நெளிவை அறிந்த கண்ணுக்கே அவ்வொப்புமை முதலில் தென்பட்டிருக்கும்.

ஆயிரக்கணக்கான அப்படங்கள் நெடுங்காலம் வகுப்பறையைத் தாண்டிப் பரவலாக அறியப்படவில்லை. 1926இல் கலைக்கூட உரிமையாளர் கார்ல் நீரெண்டார்ஃப் அவற்றைப் பெர்லினில் காட்சிக்கு வைத்தார். 120 படங்கள் கொண்ட முதல் நூல் 1928இல் வெளிவந்து புகழ் சேர்த்தபோது ஆசிரியருக்கு வயது 63. இரண்டாம் நூல் 1932இல் வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.