தொடாமல் இசைத்த கைகள்

கையை அசைத்தால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. உடற்குறையுள்ளோருக்கும் முதியோருக்கும் உதவும் இத்தகைய சைகைக் கருவிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லெவ் தெரமின் நினைவுக்கு வருகிறார்.

1896இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த தெரமின், செல்லோ வாசிக்கக் கற்றவர், இயற்பியலும் படித்தவர். 1920 வாக்கில், வாயுக்களின் மின் தன்மையை அளக்கும் கருவி ஒன்றை ஆய்வகத்தில் அமைத்துக்கொண்டிருந்தார். கை நெருங்கினால் கருவியின் ஒலி ஏறியது, விலகினால் இறங்கியது. வேறொருவர் அதைக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். இசை பழகிய தெரமின் அதிலேயே பாட்டு வாசித்துப் பார்த்தார்.

இதன் அடிப்படை, நீங்கள் இயற்பியலில் படிக்கும் மின்தேக்கிதான். கருவியின் உலோகக் கம்பி ஒரு தகடு. நம் கை இன்னொரு தகடு. இடைவெளி மாறினால் மின்தேக்குத் திறன் மாறும், அதனால் மின்னலையின் அதிர்வெண் மாறும், சுருதியும் மாறும். ஒரு கை சுருதியை ஆளும், மறு கை ஒலியளவை ஆளும். எதையும் தொட வேண்டியதில்லை.

1922இல் லெனினிடம் இக்கருவியை வாசித்துக் காட்டிய தெரமின், பின்னர் அமெரிக்கா சென்று 1928இல் காப்புரிமை பெற்றார். அங்கே கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். சிறுவயதிலேயே வயலினில் பெயர் பெற்றவர் கிளாரா. குழந்தைப் பருவத்து ஊட்டச்சத்துக் குறைவால் எலும்புகள் பலவீனமடைந்து, வயலினையே கைவிட வேண்டி வந்தது. வில்லை இழுக்க இயலாத அந்தக் கைக்குக் காற்றில் அசைய முடிந்தது. கிளாராவின் தேவைக்கேற்ப தெரமின் தம் கருவியை மேம்படுத்திக் கொடுத்தார். அக்கருவியின் தலைசிறந்த கலைஞராக உலகம் இன்றும் கிளாராவையே சொல்கிறது.

தெரமினின் வாழ்க்கை அவ்வளவு இனிமையாகத் தொடரவில்லை. 1938இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டே கைதானார். கைதி விஞ்ஞானியாக ஒட்டுக்கேட்கும் கருவிகளை உருவாக்க வேண்டியிருந்தது. 1945இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசளிக்கப்பட்ட மரச் சின்னத்துக்குள் அவர் உருவாக்கிய கருவி ஒளிந்திருந்தது. ஒரே மூளை ஒருவருக்கு இசையை மீட்டுக் கொடுத்தது. இன்னொருவரின் அந்தரங்கத்தைத் திருடவும் பயன்பட்டது. 1993இல், 97 வயதில் அவர் மறைந்தார்.

நான் பேராக்கின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியுமுன் மரம் வெட்டி, பால் வாளி சுமந்த கைகளைப் பார்த்து வளர்ந்தேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அக்கைகளுக்கு உரியவர்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று அவர்களில் பலருக்கு விரல் மடங்காது, சிலருக்குப் பக்கவாதம். சிறு பொத்தானை அழுத்துவதே பாடு.

புத்தாக்கப் போட்டிகளுக்காக உணரிகளை வாங்கிப் பொருத்தும் மாணவர்களே, கருவியைத் தொடங்குமுன் உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் சற்று உட்காருங்கள். எந்த அசைவு அவர்களுக்கு இன்னும் எளிதாக வருகிறது என்று கவனியுங்கள். மணிக்கட்டா, தோளா, தலையா? அந்த அசைவுக்கு ஏற்ப உங்கள் கருவி அமையட்டும். கிளாராவுக்குத் தெரமின் செய்தது அதுதான்.