இடையில் விடுபட்ட பெயர்

சிம்மக்கல் மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் சிலரிடம், தமிழகத்திலிருந்து சென்ற குடியரசுத் தலைவர்கள் யாவர் என்று அண்மையில் கேட்டேன். கலாம் பெயர் உடனே வந்தது; சற்று யோசித்து இராதாகிருஷ்ணன் என்றனர். ஆர்.வெங்கட்ராமனை நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் 1910 டிசம்பர் 4 அன்று பிறந்தவர். பொருளியலும் சட்டமும் பயின்று, தொழிலாளர் வழக்குகளில் பெயர் பெற்றார். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். 1957-இல் மக்களவைக்குத் தேர்வான அவரைக் காமராஜர் சென்னைக்கு அழைத்துத் தொழில் அமைச்சராக்கினார். என் கணிப்பில் அவர் வாழ்வின் உச்சம் அடுத்த பத்தாண்டுகளே, தில்லி மாளிகை அன்று. நிலம், சாலை, மின்சாரம், கொட்டகை அனைத்தையும் அரசு ஆயத்தமாக வைத்திருந்தால், கையில் சிறு முதல் உள்ளவரும் துணிந்து தொழிலில் இறங்குவார் என்பதே தொழிற்பேட்டையின் கணக்கு. கிண்டியில் தொடங்கிய அத்திட்டம் மதுரை கே.புதூர் வரை வந்தது. என் மாணவர் பலரின் தந்தையர் அங்குள்ள கடைசல் பட்டறைகளில் உழைத்தே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினர்.

1980-இல் மத்திய நிதியமைச்சரானார். எண்ணெய் விலையேற்றத்தால் அந்நியச் செலாவணி கரைந்தபோது, 1981-இல் பன்னாட்டு நிதியத்திடம் பெருங்கடன் பெற ஒப்பந்தமாயிற்று. இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் முழுத்தொகையையும் எடுக்காமலே இந்தியா அதை முடித்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து நாட்டின் தங்கம் அடகுக்குச் சென்றபோது, அவரே குடியரசுத் தலைவராக இருந்தார்.

1987 முதல் 1992 வரை நான்கு பிரதமர்களைக் கண்டவர். எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத 1989-இல், தனிப்பெருங்கட்சியையே முதலில் அழைப்பது என்ற நெறியைக் கைக்கொண்டார். அந்த நடுநிலையை அவரது எதிரிகளும் ஒப்புவர்.

சறுக்கல் 1991 ஜனவரி 30 அன்று நேர்ந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்த நிலையில், காங்கிரஸ் ஆதரவை நம்பியிருந்த சந்திரசேகர் அரசின் பரிந்துரைப்படி திமுக ஆட்சியைக் கலைத்துக் கையொப்பமிட்டார். அரசமைப்பின் 356-ஆம் பிரிவு ஆளுநரின் அறிக்கை இல்லாமலும் அதற்கு இடம் தந்தது என்பது உண்மையே. ஆயினும் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் உரிமையும் அவருக்கு இருந்தது. 1997-இல் உத்தரப் பிரதேச விவகாரத்தில் கே.ஆர்.நாராயணன் அவ்வாறே செய்தார்.

திராவிடக் கட்சியினர் பலருக்கு அந்த ஒற்றைக் கையொப்பமே நினைவில் நின்றது. பெருமை பேச வேண்டிய காங்கிரஸோ தமிழகத்தில் மெலிந்துவிட்டது. தொழிற்பேட்டைக்கான புகழும் காமராஜர் கணக்கில் சேர்ந்தது. அதில் பிழையில்லை, பங்குதான் குறைந்தது.

ஓய்வுக்குப்பின் பதவிக்கால நினைவுகளை நூலாக எழுதினார். 2009 ஜனவரி 27 அன்று, குடியரசு நாளுக்கு மறுநாள், 98 வயதில் தில்லியில் காலமானார்.