கலிங்க மாகன்

திருக்கோணேச்சரப் பெருமானைத் தரிசிக்கச் செல்வோர் புகும் திருகோணமலைக் கோட்டை வாயிலிலே இரட்டைக் கயல்கள் கல்லிற் பொறிக்கப்பட்டிருத்தலை நம் மாணாக்கர் பலருங் கண்டிருப்பர். அக்கோட்டையிலே கிடைத்த பிறிதொரு கல்லானது, சகம் 1145, அஃதாவது கிறித்தாப்தம் 1223இலே சோடகங்கன் என்பான் இலங்கைக்கு வந்தமையை வடமொழியிலே கிரந்த எழுத்தாற் கூறுகின்றது. அந்நாளிலே பொலன்னறுவைச் சிங்காசனத்தில் வீற்றிருந்தவன் கலிங்க மாகன். இவன் வீரனோ, கொடுங்கோலனோ என்று மாணாக்கன் ஒருவன் வினவின், ஆசிரியராகிய நாம் யாது விடை கூறுவோம்? நம் சமயத்தைப் போற்றினான் என்னும் ஒன்றே பற்றிப் புகழ்தலும், பிறர் இகழ்ந்தார் என்னும் ஒன்றே பற்றி இகழ்தலும் நடுவுநிலைமை ஆகா. ஆதலின், அவன் சரித்திரத்தை முதற்கண் சுருங்கச் சொல்லிப் பின்னர்ச் சீர்தூக்குவாம்.

மகா பராக்கிரமபாகு 1186இலே இறந்தான். அதன்பின் இலங்கையரசு நிலைகுலைந்தது. கலிங்கத்தினின்று வந்த நிச்சங்கமல்லன் 1187 முதல் 1196 வரை ஆண்டு ஒருவாறு அதனைத் தாங்கினான். அவனுக்குப் பின் இருபதாண்டு நிரம்புமுன்னே அரசர் பலர் மாறி மாறி ஏறியும் இறங்கியும் போயினர். சேனாபதியர் தாம் விரும்பியவரை அரசராக்கினர். லீலாவதி என்னும் அரசி மும்முறை சிங்காசனம் ஏற்றப்பட்டாள். ஈற்றிலே பராக்கிரம பாண்டியன் என்பான் 1212இலே அவ்வரசைக் கவர்ந்தான். வேலி அழிந்த புனத்திலே எவ்விலங்கும் புகுமன்றோ? மாகன் புகுந்த காலம் அத்தகையது.

மாகன் கலிங்க தேசத்து அரச குலத்திற் பிறந்தவன். 1215இலே பெருஞ்சேனையோடு இலங்கையிற் கரையேறினான். சூளவமிசம் அச்சேனையை 24,000 வீரர் என்று கணக்கிடும். இராசாவலியம் 20,000 என்னும். அதிலே கேரள வீரர் மிகுந்திருந்தனர். அவன் பொலன்னறுவையைக் கைப்பற்றிப் பராக்கிரம பாண்டியனைச் சிறைப்படுத்தி, அவன் கண்களைப் பிடுங்குவித்து, அரண்மனைத் திரவியங்களைக் கவர்ந்து முடிபுனைந்தான்.

அதன்பின் நிகழ்ந்தனவாக அந்நூல் கூறுவன கேட்போர் நெஞ்சை வருத்துவன. இரத்தினாவலி முதலிய தாதுகோபங்கள் இடிக்கப்பட்டன. விகாரங்கள் போர்வீரருக்கு உறையுளாயின. ஏட்டுச் சுவடிகள் கயிறறுத்துச் சிதறப்பட்டன. குடிகளின் வயலும், மனையும், ஆவும், எருமையும் பறிக்கப்பட்டுக் கேரள வீரருக்குக் கொடுக்கப்பட்டன. செல்வர் கை கால் குறைக்கப்பட்டனர். வாசிஸ்ஸர தேரர் முதலாயினோர் புத்ததந்தத்தையும் பிக்ஷாபாத்திரத்தையும் எடுத்தோடிக் கொத்மலைப் பக்கத்திலே மண்ணிற் புதைத்துவைத்தனர். அவருட் சிலர் கடல் கடந்து பாண்டிநாடும் சோணாடும் புக்கனர். இவண் அடைக்கலம் இழந்த பௌத்தத் துறவியர் தமிழ் வேந்தர் நாட்டிலே அடைக்கலந் தேடினர் என்னும் இச்செய்தியை ஆசிரியர் நன்கு மனத்திற் கொள்க.

மாகன் பொலன்னறுவையிலிருந்து 21 ஆண்டு ஆண்டான் என்று சூளவமிசம் சொல்லும். அவனோடு சயபாகு என்பானும் சேர்த்துக் கூறப்படுகின்றான். கந்தளாய், பதவில்குளம், மாதோட்டம், மன்னார் முதலிய இடங்களிலே அவர்கள் படை நிறுத்தினர். கோண என்று அந்நூல் கூறும் நாடு நம் திருகோணமலைப் பக்கமே என அறிஞர் பலர் கொள்வர். இவ்விடங்களை நோக்கின் மாகனது அரசியல் அறிவு புலப்படும். துறைமுகங்கள் அவன் கையிலிருந்தன. நெல் விளைக்கும் பெருங்குளங்களும் அவன் கையிலிருந்தன. கடலையும் குளத்தையும் காப்பவனே இந்நாட்டை ஆளவல்லவன் என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

எனினும் நாடு முழுவதும் அவனுக்குப் பணியவில்லை. யாப்பகுவையிலே சுபன் என்னுஞ் சேனாபதியும், கோவிந்த மலையிலே புவனேகபாகுவும், மினிப்பையிலே சங்கன் என்னுஞ் சேனாபதியும் அரண் செய்து எதிர்த்து நின்றனர். மூன்றாம் விசயபாகு 1232இலே தம்பதெனியாவில் அரசு நிறுவி, ஒளிக்கப்பட்ட புத்ததந்தத்தை மீட்டான். அவன் மகன் இரண்டாம் பராக்கிரமபாகு 1236இலே பட்டமெய்தி மாகன் படைகளோடு பொருதான். மாகன் பொலன்னறுவையை இழந்து வடபால் ஒதுங்கினான். 1255ஐ அணித்தாக அவன் ஆதிக்கம் முற்றும் ஒழிந்தது. சில்லாண்டுகளிலே சடாவர்மன் வீரபாண்டியன் படையெடுத்து வந்து கோணமலையிலே கயற்கொடி பொறித்தான். ஒருவன் வென்ற மண்ணிலே மற்றொருவன் கொடி! வெற்றியின் நிலையாமை இதுவேயாம்.

இனி, கீழ்மாகாணத் தமிழ் மரபு மாகனை வேறு வகையாகக் காட்டும். 1962இலே அச்சேறிய மட்டக்களப்பு மான்மியம் அவனை மாகோன் என்று அழைத்து, சைவத்தை வளர்த்தவனாகவும், கோயில்களிலே குடிகளுக்குரிய வரிசைகளை வகுத்தவனாகவும் போற்றும். ஒரு கூட்டத்தாருக்கு எமனாயினவன் மற்றொரு கூட்டத்தாருக்குக் காவலனாகத் தோன்றுவது உலகியல்பு.

அங்ஙனமாயின் சூளவமிசம் பகைமையாற் புனைந்துரைத்தது எனத் தள்ளலாமோ எனின், தள்ளலாகாது. ஏனெனில், மாகன் காலத்தையொட்டி 1266இலே இயற்றப்பட்ட பூசாவலியமும் அவன் செய்த அழிவைக் கூறுகின்றது. அன்றியும், பௌத்த நூலாசிரியர் பிற சமயத்து அரசரை எல்லாம் பழித்தாரல்லர். மகாவமிசம், சோணாட்டினின்று வந்து அநுராதபுரத்தைக் கவர்ந்த எல்லாளனைப் பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒப்ப நீதி செலுத்தியவன் என்று புகழ்ந்தது. அவன் 44 ஆண்டு ஆண்டமையையும் மறையாது உரைத்தது. எல்லாளனைப் புகழ்ந்த மரபு மாகனை இகழ்ந்ததாயின், அதற்குக் காரணம் சமய வேற்றுமை மாத்திரம் அன்று என்க.

ஆயினும் அக்காலத்துக் கேடனைத்தையும் மாகன் தலையில் ஏற்றுதலும் முறையன்று. அவன் வருமுன்னரே உண்ணாட்டுப் போர்களால் அரசு நலிந்திருந்தது. குளங்களைக் காக்கும் அதிகாரிகள் சிதறினர். காடும் காய்ச்சலும் பரந்தன. குடிகள் தெற்கும் மேற்கும் பெயர்ந்தனர். இவையெல்லாம் பலகாலம் திரண்ட வினைகள். கண் பிடுங்குதல் முதலிய கொடுமைகள் அந்நாளைய அரசர் பலரிடத்துங் காணப்பட்டனவே. இவற்றைச் சொல்லுதல் மாகனை விடுவித்தற்கன்று. தராசின் இரு தட்டையும் பார்த்தற்கேயாம்.

இனி அவனை அளக்குங் கோல் யாது? அஃது அயலிலே தேடப்பட வேண்டுவதன்று; நம் மாவட்டத்திலேயே கல்லாய்க் கிடக்கின்றது. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகிலே வெல்கம் விகாரம் உளது. இலங்கையின் வடபாலைச் சோழர் ஆண்டபோது அப்பௌத்தப் பள்ளிக்கு இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் வழங்கியது. தமிழர் அதற்கு விளக்கும் பசுவும் நிவந்தமாகக் கொடுத்தமையை அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் சொல்லுகின்றன. சோழர் படை அநுராதபுரத்தைக் கொள்ளையிட்டது என்பதும் மெய்யே. ஆயினும் வென்ற பின்னர்ப் பிறர் பள்ளியைத் தம் வேந்தன் பெயராலே காத்தனர். சோழரைத் துரத்திய முதலாம் விசயபாகு பௌத்தன். அவன் காலத்திலே கந்தளாயில் அவன் பெயராலேயே சிவாலயம் விளங்கியதையும், பிராமண மாது ஒருத்தி அதற்கு அறஞ் செய்ததையும் பழமோட்டைச் சாசனத்தாலே அறிகின்றோம். வென்றவரும் மீட்டவரும் பிற சமயத்தார் வழிபாட்டுக்கு இடந்தந்த நாடு இது. இக்கோலால் அளக்கின் மாகன் குறைகின்றான்.

பதினேழாம் நூற்றாண்டிலே பறங்கியர் கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். அதனை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு வேகின்றது. நம் ஆலயம் இடிந்தமைக்கு அழும் கண், பிறர் தாதுகோபம் இடிந்தமைக்கு உலர்ந்திருத்தல் தகுமோ? கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் பறங்கித் தளபதி செய்தது பாதகமாயின், மாகன் செய்தது மாத்திரம் வீரமாகாது. செய்தவன் நெற்றியிலே நீறு இருந்ததென்பது செய்த தீமையை நீறாக்காது. சைவத்தை வளர்த்தல் அன்பினாலும் அறத்தினாலும் ஆவது. பிறர் ஏட்டைக் கிழித்தலால் ஆவதன்று.

ஆதலால், ஆசிரியர்காள், மாகனைப் பற்றி மாணாக்கர் வினவும்போது இங்ஙனம் கூறுக: படை நடத்துதலிலும், துறையும் குளமும் அறிந்து அரண் அமைத்தலிலும், நாற்பதாண்டு எதிரிகளுக்கு நடுவே நிலைத்தலிலும் அவன் ஆற்றல் மிக்கவன், அதனை மறைத்தல் வேண்டா. அடைக்கலமாய் வந்த குடிகளுக்கும் துறவியருக்கும் அரசன் செய்யவேண்டிய காவலிலே அவன் தவறினான். அதனையும் மறைத்தல் வேண்டா. ஆற்றல் உடைமையால் அவன் வெற்றியாளன். அறம் பிழைத்தமையால் செங்கோலன் அல்லன். பின்னர் அம்மாணாக்கரைப் பெரியகுளத்துக்கு அழைத்துச் சென்று இராசராசப் பெரும்பள்ளியின் தமிழ்க் கற்களைக் காட்டுக. ஒரு வகுப்பிலே நீதியுணர்ச்சி வேரூன்றுதற்கு அக்கற்கள் போதும்.