போடி மலைப் பாறைக்குப் பெயரிட்டவர்

போடிநாயக்கனூருக்கு மேற்கே சுவராக எழுந்து நிற்கும் மலை என்ன கல்லால் ஆனது என்று அவ்வூர் ஏலக்காய் வணிகரைக் கேட்டால், கருங்கல் என்பார். தவறில்லை. ஆயினும், உடைத்த முகத்தில் எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பும், நீலம் பாய்ந்த கருமையும் கொண்ட அக்கல்லுக்கு உலக நிலவியலில் 'சார்னோக்கைட்' என்ற தனிப்பெயர் உண்டு. அதைச் சூட்டியவர் சர் தாமஸ் ஹென்றி ஹாலந்து.

பொருளியல் ஆசிரியனான எனக்கு அவர் வேறு வழியில் அறிமுகமானவர். 1916-இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழில் ஆணையத்தின் தலைவர் அவர். 1918-இல் வெளிவந்த அதன் அறிக்கையையும், அதனோடு மாறுபட்டு மதன்மோகன் மாளவியா எழுதிய குறிப்பையும் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். தலைவரின் தொழில் கல் ஆராய்வது என்பதை நான் படித்த பாடநூல்கள் சொன்னதில்லை.

1868-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்த ஹாலந்து, 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளை ஆராய்ந்தபோது, கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் அதே இனம் என்று கண்டார். கல்கத்தாவை நிறுவியவராகக் கருதப்பட்ட அந்தக் கம்பெனி அதிகாரியின் பெயர் அப்படித்தான் நம் ஊர்க் கல்லுக்கு வந்தது. கல் சென்னையுடையது, பெயர் கல்கத்தாவுடையது; காலனி ஆட்சியில் இது புதிதன்று. 1900-இல் வெளியான அவரது விரிவான ஆய்வு இப்பாறையை உருகிய குழம்பு இறுகியதாகக் கொண்டது. ஆழத்தின் பெருவெப்பத்தில் பழைய பாறைகள் உருமாறியும் அது தோன்றும் எனப் பிற்கால அறிஞர் காட்டினர். விளக்கம் மாறியது, பெயர் நிலைத்தது.

பின்னர் இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா ஆகியவற்றின் பாறைகளுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. இவையெல்லாம் ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பல துண்டுகள் மோதி ஒட்டி அது உருவானது. ஒட்டிய இடங்களில் பாறைகள் நசுங்கி, உரசி, நீண்ட தழும்புகள் விழுந்தன. ஏலமலைக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாயும், தெற்கே அச்சன்கோவில் பகுதியும் அத்தகைய தழும்புகளின் மேல் அமைந்தவை.

விறகு பிளப்பவர் நார் ஓடும் திசை பார்த்தே கோடரியை இறக்குவார். கண்டமும் அப்படியே பிளக்கிறது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டு விலகியபோது, கர்நாடகப் பகுதியின் மிகப் பழைய பாறைகளில் வடக்கு-வடமேற்காக ஓடிய வரிகளுக்கு இணையாகவே நம் மேற்குக் கரை முறிந்தது. உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரித் தீவுகளில் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறை அக்காலத்தது. ஆனால் எல்லாத் தழும்பும் பிரிந்துவிடுவதில்லை. பாலக்காட்டுத் தழும்பு கிழக்கு மேற்காக ஓடுகிறது. இழுவையும் ஏறக்குறைய அதே திசையில் இருந்ததால் அது கடலாக விரியவில்லை. பிளவின் விளிம்பு உயர்ந்து நின்றதே மேற்குத் தொடர்ச்சி மலை என்பது பலர் ஏற்கும் கருத்து. பருவமழையை அம்மலை மறிப்பதால்தான் மேலே ஏலம் விளைகிறது. கீழே போடி மழை மறைவில் கிடந்து அதை விற்கிறது.

ஹாலந்தின் பிற்கால வாழ்வு நேர்கோடாக இல்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, போர்த் தளவாட வாரியம் தொடர்பான வழக்கொன்றைக் கைவிடச் செய்த முடிவு கண்டனத்துக்கு உள்ளாகி, 1921-இல் பதவி விலகினார். பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் தலைமைப் பொறுப்பேற்றார். கனிமங்களைத் தர மறுப்பதன் மூலம் போரைத் தடுக்கலாம் என்று வாதிட்டார். இரண்டாம் உலகப்போர் அந்த நம்பிக்கையைக் கேட்கவில்லை. 1941-இல் எடின்பரோவில் அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள், கண்டங்களின் பரிணாமம். 1947 மே மாதம் மறைந்தார்.

அவர் பெயரிட்ட கல்லின் உறுதியை நம்பித்தான் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தில், நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிடப்பட்டது. 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, மக்கள் எதிர்த்தனர், மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது. பாறை உறுதியானது என்று ஒரு தரப்பும், மலை அதிரும் என்று மறு தரப்பும் கூறின. அம்மலையின் பழைய தழும்புகள் எங்கே, எத்திசையில் ஓடுகின்றன என்பதைத் தமிழில் ஒரு வரைபடமாக்கி ஊர்ச் சாவடியில் ஒட்டியிருக்கலாம். அதைப் படித்துப் பார்க்கும் உரிமை, அடிவாரத்தில் வாழ்பவர்களுக்கே முதலில் உண்டு.