கல்லின் விலை அறிந்த துரை

சென்னைக்கு அடுத்த பல்லாவரம். 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி.

ராணுவ மைதானத்தின் பக்கத்தில் சரளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதைப் பத்திரப்படுத்திக் கொண்டார்.

பார்க்கிறவர்களுக்கு அது செருப்பில் இடறும் கல். அவருக்கோ அது ஆதி மனிதன் செய்த கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட். அப்போது அவருக்கு வயது 28.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ல் பிறந்தவர் அவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் எங்கே என்ன பாறை இருக்கிறது என்று பார்த்துப் படம் வரைவது வேலை. சம்பளம் பாறைக்கு, ஆசை கற்கோடரிக்கு!

அந்த ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரை மண்ணில், அழிந்துபோன மிருகங்களின் எலும்போடு செதுக்கிய கற்கள் கிடைத்தன. மனிதன் செய்தவை என்று ஒருவர் சொன்னபோது வெகு காலம் யாரும் நம்பவில்லை. 1859-ல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, உண்மைதான் என்றார்கள். அங்கே இருந்தால் இங்கேயும் இருக்காதா என்று தேட ஆரம்பித்தார் பூட்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கல் தானாகவும் உடையும். வெயிலில் வெடிக்கும், ஆற்றில் உருண்டு சிதறும். ஆனால் அது கண்டபடி உடையும். மனிதன் செதுக்கிய கல் அப்படி இராது. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்த வடுக்கள் அடுத்தடுத்து இருக்கும். இரு பக்கத்து வடுக்களும் சந்திக்கும் இடம் கூரிய விளிம்பாக ஓடும். ஒரு முனை ஒடுங்கியிருக்கும். மறுமுனை உள்ளங்கையில் அடங்கும். ஒரு வடுவைக் கண்டு ஏமாறலாம். பத்து வடுக்கள் ஒரே ஒழுங்கில் இருந்தால் அது கைவேலைதான்.

அதே ஆண்டு செப்டம்பரில், கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் அவரும் திருவள்ளூர்ப் பக்கம் போனார்கள். கொற்றலையாற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயதைக் கணக்கிட அந்தக் காலத்தில் வழி கிடையாது. 2011-ல்தான் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள்: அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வயது!

ஏற்காட்டு மாப்பிள்ளை

பூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர் அவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர். கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்து 1882-ல் அங்கேயே காலமானார். மாமனார் பழமொழி சேர்த்தார். மருமகன் கல் சேர்த்தார். நல்ல பொருத்தம்!

1891-ல் ஓய்வு பெற்ற பூட், பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் வேலை பார்த்தார். வீடு என்று நிலைத்தது ஏற்காட்டில்தான்.

சேர்வராயன் மலையும் பழம்பொருள் நிறைந்த மலை. இங்கே கிடைப்பவை வேறு வகை. அரைத்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள். மண்ணைக் கொத்தும்போது வெளிப்படும் இந்தக் கற்களை மலைவாழ் மக்கள் எறிந்துவிடவில்லை. பிள்ளையார் கோவிலில் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்துக் கல்வராயன், சவ்வாது மலைகளிலும் இதே வழக்கம். காரணம் எதுவானாலும், அந்தக் கற்கள் அழியாமல் தப்பியது இதனால்தான்.

சீட்டுக்குத்தான் மதிப்பு

கற்கோடரிக்குச் சந்தையில் என்ன விலை? தங்கமா, வெள்ளியா, எடை போட்டுச் சொல்ல! ஆனால் எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று தெரிந்தால் அது சரித்திரம். தெரியாவிட்டால் அம்மிக்கு அண்டை கொடுக்கத்தான் ஆகும். பூட் இதை அறிந்தவர். சுமார் நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, 400-க்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டறிந்து, கிடைத்த ஊரைக் குறித்துவைத்தே சேர்த்தார். கல், பானை ஓடு, வளையல் துண்டு எதையும் விடவில்லை.

வயது ஏற ஏறக் கவலையும் ஏறியது. தமக்குப் பிறகு இவை சிதறிப்போனால்? கல் ஓரிடம், குறிப்பு ஓரிடம் என்று பிரிந்தால் அத்தனை உழைப்பும் வீண். 1904-ல் சேகரிப்பு முழுவதையும் சென்னை அரசாங்கப் பொருட்காட்சி சாலை விலைக்கு வாங்கிக்கொண்டது. பூட் அதோடு ஓயவில்லை. எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும் ஊரும் விவரமும் கொடுத்துப் பட்டியல் எழுதினார்.

புத்தகமாக அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் இறந்தார். பட்டியல் 1914-லும், விளக்கக் குறிப்புகள் 1916-லும் வெளிவந்தன. அவரது நினைவிடம் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது. கற்கள் சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன, அவர் கொடுத்த எண்களோடு.