முப்பது வயதில் மீண்டும் மாணவர்

கல்லூரி அதிபராக இருக்கும் ஒருவர், முப்பது வயதில் இளைஞரோடு வாங்கில் அமர்ந்து மீண்டும் படிக்க முன்வருவாரா? அல்பேர்ட் சுவைட்சர் முன்வந்தார்.

1875இல் அல்சாஸ் பகுதியில் லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்த அவர், 1899இல் மெய்யியலில் கலாநிதியானார். ஸ்ராஸ்பேர்க் நகரில் இறையியல் கல்லூரி அதிபர். ஓர்கன் வாசிப்பதில் வல்லவர். முப்பது வயதுவரை கல்விக்கும் இசைக்கும், அதன்பின் மனிதருக்கு நேரடிப் பணிக்கும் வாழ்வதென்று இருபத்தொரு வயதிலேயே தீர்மானித்திருந்தார். ஆபிரிக்காவின் காபோனில் ஊழியர் போதாதென்று 1904இல் ஒரு மிஷன் சஞ்சிகையில் வாசித்தபோது வழி தெரிந்தது.

1905இல் வைத்தியம் படிக்க விண்ணப்பித்தார். மருத்துவ பீடாதிபதி அவரை மனநோய் வைத்தியரிடம் அனுப்பவே விரும்பினாராம்! உறவினரும் நண்பரும் தடுத்தனர். படிப்போடு போதனையும் பிரசங்கமும் தொடர்ந்ததால் களைப்பு அவரை வாட்டியது. 1911இல் தேறினார். 1913இல், தாதிப் பயிற்சி பெற்ற மனைவி ஹெலேனுடன் லம்பரேனே சேர்ந்தார். கோழிக்கூடு ஒன்றே முதல் வைத்திய அறையாயிற்று.

1952ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசின் பணம் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்றது. 1965இல், தொண்ணூறு வயதில், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பட்டம் பெற்ற உங்கள் பிள்ளை மறுபடியும் படிக்கக் கேட்டால், வீணாகும் வருடங்களை மட்டும் எண்ணாதீர்கள். யாருக்காக என்று கேளுங்கள். சுவைட்சர் படிப்புக்குக் கொடுத்த வருடங்கள் சில. அவற்றால் நோயாளர் பெற்றதோ அரை நூற்றாண்டு.