எந்திரமே ஆசான்

நுழையும்முன்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அவர் வடிவமைத்த கருவிகளும் உலக நாடுகளிலிருந்து திரட்டிய எந்திரங்களும் அங்குக் காக்கப்படுகின்றன. காண்போரை வியக்கவைப்பது அவற்றின் எண்ணிக்கை மட்டுமன்று. பள்ளிக் கல்வியைத் தொடக்க நிலையிலேயே துறந்த ஒருவரின் உழைப்பால் அவை ஓரிடத்தில் சேர்ந்தன என்பதுமாகும்.

கழற்றிக் கற்றவர்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். வகுப்பறை அவரை ஈர்க்கவில்லை. ஒருநாள் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் வண்டி ஓடிய விந்தை அவர் நெஞ்சில் பதிந்தது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேமித்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். பின்னர் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பின் பணியையும் அறிந்து மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பள்ளியாயிற்று.

சாலையும் பட்டறையும்

1920இல் ஒரே ஒரு பேருந்துடன் தொழிலைத் தொடங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். அம்முயற்சி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் து. பாலசுந்தரத்துடன் இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேட்டுக்கு இடந்தராத வாக்குப்பதிவு எந்திரம் ஆகியனவும் அவர்தம் படைப்புகளே.

இசைவு கிட்டாத ஆக்கம்

ஐந்து வால்வு வானொலியை எழுபது ரூபாய்க்குள் செய்ய இயலும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய் மட்டுமே. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே வடசென்னையின் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஆங்கில நாட்டு ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. நாயுடுவின் காரோ உள்ளூர்ப் பட்டறையில் பிறந்தது. ஆயினும் அரசின் உரிமம் கிடைக்காமையால் அதன் உற்பத்தி நின்றது. எளியோர் கைக்கு எட்டியிருக்க வேண்டிய ஊர்தி சாலைக்கு வராமலே போயிற்று.

கற்பித்த கை

தாம் கற்ற முறையைப் பிறருக்கும் வழங்க விழைந்த அவர், 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் உருவாக வழிவகுத்தார். நெடுங்காலப் படிப்பைவிடப் பட்டறைப் பயிற்சியோடு கூடிய குறுகிய காலப் படிப்பே ஏற்றது என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்காதபோது பொறுப்பிலிருந்து விலகினார். அன்று ஊன்றப்பட்ட வித்து இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். உரிமம் மறுக்கப்பட்டதால் அவர்தம் ஆக்கங்கள் சில மக்களைச் சென்றடையவில்லை. அவர் கற்ற வழியோ எவருடைய உரிமத்திற்கும் காத்திருக்கவில்லை. எந்திரம் ஒன்றைக் கண்டதும் அஃது எவ்வாறு இயங்குகிறது என வினவும் மாணவர், கலங்கல் சிற்றூரில் தொடங்கிய அவ்வழியில் முதலடி வைத்தவராவார்.